மெக்சிகோ சிட்டியில் லூச்சா லிப்ரே: டிக்கெட் முதல் திரும்பும் வண்டி வரை

மெக்சிகோ சிட்டிக்குப் போகிறவர்களின் பட்டியலில் லூச்சா லிப்ரே எனப்படும் முகமூடி மல்யுத்தம் எப்படியும் இடம் பிடித்துவிடும். இணையத்தில் இதைப் பற்றிக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி சுற்றுலா நிறுவனங்கள் எழுதியவை. அவற்றைப் படித்தால் வழிகாட்டி இல்லாமல் அரங்கத்துக்குள் கால் வைக்கவே முடியாது என்று தோன்றும். தாராளமாகத் தனியாகப் போகலாம். செலவும் நன்றாகக் குறையும். புதியவர்கள் மாட்டிக்கொள்வது நான்கு இடங்களில்: தவறான கிழமை, தவறான இருக்கை, பையில் பெரிய நோட்டு மட்டும், தோளில் கேமரா.

1. முதலில் விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு மெக்சிகோ விசா தேவை. ஆனால் அமெரிக்கா, கனடா, ஜப்பான், பிரிட்டன், ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஏதாவது ஒன்றின் காலாவதியாகாத விசா கடவுச்சீட்டில் இருந்தால் தனியாக மெக்சிகோ விசா எடுக்க வேண்டாம். அந்நாடுகளின் நிரந்தர வசிப்புரிமை அட்டை இருந்தாலும் போதும். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு விசாவே வேண்டாம்.

அமெரிக்காவில் எச்-1பி வேலையில் இருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கடவுச்சீட்டில் ஒட்டிய விசா காலாவதியாகி, ஐ-797 நீட்டிப்புக் காகிதம் மட்டும் கையில் இருந்தால் மெக்சிகோவுக்கு அது விசா ஆகாது. விமான நிறுவனம் செக்-இன்னிலேயே நிறுத்திவிடும்.

உள்ளே நுழையும்போது அதிகாரி எத்தனை நாள் கொடுத்திருக்கிறார் என்று அங்கேயே பாருங்கள். 180 நாள் என்பது உச்சவரம்பு மட்டுமே. எல்லோருக்கும் அவ்வளவும் கிடைப்பதில்லை.

2. எந்த நிறுவனம், எந்த அரங்கம்

இரண்டு பெரிய நிறுவனங்கள் உண்டு. சிஎம்எல்எல் 1933-இல் தொடங்கியது; சொந்த அரங்கங்கள் வைத்திருக்கிறது; வாரம் தவறாமல் நிகழ்ச்சி நடத்துகிறது. 'டிரிபிள் ஆ' என்று அழைக்கப்படும் ஏஏஏ 1992-இல் தொடங்கியது; ஊர் ஊராகச் சுற்றி நடத்தும். 2025-இல் அதை டபிள்யூடபிள்யூஇ வாங்குவதாக அறிவிப்பு வந்தது. நீங்கள் போகும் வாரத்தில் ஏஏஏ அந்த ஊரில் இருக்குமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சுற்றுலாப் பயணி நம்பித் திட்டமிடக்கூடியது சிஎம்எல்எல்தான். ஒரு நிறுவனத்தின் வீரர் மற்றதில் பொதுவாக ஆடமாட்டார். டிவியில் பார்த்த ஒருவரை நேரில் பார்க்கவே போகிறீர்கள் என்றால், அவர் எந்தப் பக்கம் என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மெக்சிகோ சிட்டியில் சிஎம்எல்எல்லுக்கு இரண்டு அரங்கங்கள்.

அரேனா மெக்சிகோ: தொக்டோரெஸ் பகுதி, தொக்டோர் லவிஸ்தா தெரு. 1956-இல் திறந்தது. பதினாறாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான்.

அரேனா கொலிசெயோ: பழைய நகரின் ரெபூப்லிகா தெ பெரூ தெரு. 1943-இல் திறந்தது. சிறியது, பழையது. புனல் மாதிரிக் குறுகி இறங்கும் கட்டடம் என்பதால் எங்கே உட்கார்ந்தாலும் மேடை பக்கத்தில் இருக்கும். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் இரவில் அந்தத் தெருக்கள் புதியவர்களுக்கு ஏற்றவை அல்ல. வாசலில் இறங்கி வாசலிலேயே வண்டி ஏற வேண்டும்.

3. கிழமை பார்த்துப் போங்கள்

பலர் "ஏதாவது ஒரு நாள் போவோம்" என்று விட்டுவிட்டு, கடைசியில் ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் நிகழ்ச்சி இல்லை என்று கண்டுபிடிக்கிறார்கள். வழக்கமான அட்டவணை இது:

- செவ்வாய் இரவு 7:30, அரேனா மெக்சிகோ
- வெள்ளி இரவு 8:30, அரேனா மெக்சிகோ
- சனி இரவு 7:30, அரேனா கொலிசெயோ
- ஞாயிறு மாலை 5:00, அரேனா மெக்சிகோ

வெள்ளிதான் முதன்மை நாள். பெரிய பெயர்கள், நிறைந்த கூட்டம், அதிக விலை. செவ்வாயில் கூட்டம் குறைவு, டிக்கெட் மலிவு. அரங்கில் பாதிப் பேர் சுற்றுலாப் பயணிகளாகவும் இருக்கலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஞாயிறு: வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே போய், இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்துவிடலாம். கெட்ட வார்த்தையும் சற்றுக் குறைவு. சற்றுத்தான்.

செப்டம்பரில் சிஎம்எல்எல்லின் ஆண்டுவிழா நிகழ்ச்சி வரும். வருடத்தின் மிகப் பெரிய இரவு அது. நல்ல இருக்கைகள் வெகு முன்பே தீர்ந்துவிடும். நவம்பர் தொடக்கத்தில், இறந்தோர் நாளையொட்டி நடக்கும் நிகழ்ச்சியில் வீரர்கள் எலும்புக்கூடு ஒப்பனையோடு வருவார்கள். அந்த வாரம் போக வாய்த்தால் தவறவிடாதீர்கள்.

யார் யாரோடு மோதுகிறார்கள் என்ற பட்டியலுக்குக் கார்த்தெலெரா என்று பெயர். அந்தந்த வாரம்தான் வெளியாகும். ஒரு மாதம் முன்னால் தேடினால் கிடைக்காது. நேரமும் அவ்வப்போது மாறுவது உண்டு. டிக்கெட்டில் அச்சிட்ட நேரத்தையே நம்புங்கள்.

ஊர் சுற்றுகிறவர்களுக்கு இன்னொரு தகவல்: புவெப்லா நகரத்தில் திங்கள் இரவும், குவாதலஹாராவில் செவ்வாய் இரவும் சிஎம்எல்எல் நிகழ்ச்சி உண்டு.

4. டிக்கெட்: மூன்று வழி, ஒரு பொறி

*அரங்கத்தின் டிக்கெட் சாளரம்.* தக்கீயா என்பார்கள். சேவைக் கட்டணம் கிடையாது. இருக்கை வரைபடத்தைக் காட்டச் சொல்லி விரலால் தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம், மொழி தேவையில்லை. ரொக்கத்தோடு போவது பாதுகாப்பு. செவ்வாய், ஞாயிறு நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் போனாலே போதும். வெள்ளிக்கு அன்று பிற்பகலோ முந்தைய நாளோ போய் வாங்கிவிடுங்கள்.

*டிக்கெட்மாஸ்டர் மெக்சிகோ.* இருக்கை விலைக்கு மேல் சேவைக் கட்டணம் தனியாக ஏறும். இந்திய அட்டையில் வாங்குகிறவர்களுக்கு இங்கே இரண்டு தடை. வங்கிச் செயலியில் சர்வதேசப் பரிவர்த்தனையைத் திறந்துவைத்திருக்க வேண்டும். ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்கு வரும். மெக்சிகோ சிம் போட்டுவிட்டு இந்திய சிம்மைப் பெட்டிக்குள் வைத்திருந்தால் பணம் கட்ட முடியாது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் ரோமிங்கில் குறுஞ்செய்தி வருமாறு செய்துகொள்ளுங்கள். பணம் போவதற்கு முன் அரங்கத்தின் பெயரையும் ஊரையும் இன்னொருமுறை பாருங்கள். அரேனா கொலிசெயோ என்ற பெயரில் குவாதலஹாராவிலும் ஓர் அரங்கம் உண்டு. 'அரேனா சியுதாத் தெ மெஹிகோ' என்பது நகரின் வடக்கே உள்ள வேறொரு பெரிய கச்சேரி அரங்கம்.

*சுற்றுலாக் குழு.* ஒரு வழிகாட்டி, ஒரு மலிவு முகமூடி, ஒரு பீர் அல்லது மெஸ்கால் என்ற மது, பிறகு டிக்கெட். விலை தனி டிக்கெட்டைப் போலப் பல மடங்கு. தனியாக இரவில் போகத் தயங்குகிறவர்களுக்கும், ஆட்ட விதிகளை ஆள் வைத்துக் கேட்க விரும்புகிறவர்களுக்கும் சரி. முன்பதிவு செய்யும் முன் எந்த வரிசை இருக்கை என்று எழுத்தில் கேளுங்கள். "நல்ல இருக்கை" என்று மட்டும் பதில் வந்தால் வேறு குழுவைப் பாருங்கள்.

இனி அந்தப் பொறி. தெருமுனையில் நீங்கள் வண்டியை விட்டு இறங்கியதுமே கையில் டிக்கெட் கட்டோடு ஆட்கள் வருவார்கள். "தக்கீயா மூடிவிட்டது", "எல்லாம் தீர்ந்துவிட்டது" என்பார்கள். சில சமயம் அரங்க ஊழியர் போலவே பேசி, கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போவார்கள். இவர்கள் மறுவிற்பனைக்காரர்கள். டிக்கெட் போலியாக இருக்கலாம்; உண்மையானதாக இருந்தாலும் கூடுதல் விலைக்கு மோசமான இருக்கை வரும். "நோ, கிராசியாஸ்" என்று சொல்லிக்கொண்டே நிற்காமல் நடந்து, சாளரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரிடம் மட்டும் பணம் கொடுங்கள்.

விலை நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். சாதாரண வாரத்தில் மேல்தளம் நூற்றைம்பது பெசோ அளவிலும், நடு இருக்கைகள் சில நூறு பெசோவிலும், மேடையோர வரிசைகள் ஐந்நூறு அறுநூறைத் தாண்டியும் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுவிழாவுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

5. இருக்கை: முதல் வரிசை சிறந்ததல்ல

வரிசைக்கு ஃபிலா, இருக்கைக்கு அசியென்தோ. டிக்கெட்டில் பகுதிப் பெயரோடு இந்த இரண்டும் இருக்கும்.

முதல் இரண்டு மூன்று வரிசைகளில் என்ன நடக்கும் என்று தெரிந்து வாங்குங்கள். கயிறுகளுக்கு நடுவே பாய்ந்து வெளியே இருப்பவர் மேல் விழுவது இங்கே அன்றாட நகர்வு. நூறு கிலோ ஆள் உங்கள் மடியில் வந்து விழலாம். கையில் பீர் இருந்தால் அது உங்கள் சட்டையில்தான். சண்டை உங்கள் பக்கம் வருவது தெரிந்தால் பையை எடுத்துக்கொண்டு உடனே எழுந்து விலகுங்கள், பிடிக்கப் போகாதீர்கள். சிறு குழந்தைகளை அங்கே உட்காரவைக்கவே வேண்டாம்.

அதோடு, மேடையோர இருக்கைகள் தரைமட்டத்தில் இருக்கின்றன. முன்னால் இருப்பவர் எழுந்து நின்றால் உங்களுக்குத் தெரிவது அவர் முதுகு. படிப்படியாக உயரத் தொடங்கும் பகுதியின் முன்வரிசைகளே பணத்துக்கு ஏற்றவை: மேடை முழுதும் தெரியும், வெளியே பாயும் நகர்வும் தெரியும், வீரர்கள் நடந்துவரும் பாதையும் தெரியும். மேல்தளம் மலிவு, சத்தம் அதிகம், ஆட்டம் தூரம். கூட்டம் குறைவான நாள்களில் மேல்தளத்தைத் திறக்காமலே விடுவதும் உண்டு.

6. கையில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது

இருக்க வேண்டியவை: டிக்கெட், கடவுச்சீட்டின் நகல் (அசல் விடுதிப் பெட்டகத்தில் இருக்கட்டும்), 20, 50, 100 பெசோ நோட்டுகள். 500 பெசோ நோட்டை உள்ளே மாற்றுவது பெரும்பாடு. ஏடிஎம்மில் எடுக்கும்போது "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா" என்று திரை கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த மாற்றுவிகிதம் எப்போதும் நஷ்டம். தனியாக நிற்கும் ஏடிஎம்மைவிட வங்கிக்குள் இருப்பது நல்லது.

மே முதல் அக்டோபர் வரை மாலையில் மழை பிடிக்கும். மெல்லிய மழைச்சட்டை ஒன்று வையுங்கள்.

கூடாதவை: கேமரா, தண்ணீர் பாட்டில், வெளிச் சாப்பாடு, பெரிய முதுகுப்பை. கைபேசியில் படம் எடுக்கத் தடையில்லை. லென்ஸ் மாற்றும் கேமராவை வாசலிலேயே நிறுத்துவார்கள். அங்கே யாரிடமாவது கொடுத்துவைத்துவிட்டுப் போவது சரிப்படாது. விடுதியிலேயே விட்டு வாருங்கள்.

7. போய்ச் சேர்வது

அரேனா மெக்சிகோவுக்கு மெட்ரோவில் போனால் முதல் தடத்தின் குவாவ்தெமோக் நிலையம் நடை தூரம். பல்தெராஸ் நிலையமும் பக்கம்தான். கட்டணம் 5 பெசோ. மாலை நெரிசலில் கைபேசியை உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ரயிலின் முன்பகுதியில் தனிப் பெட்டிகள் உண்டு.

ஊபர், டிடி என்ற செயலி வண்டிகள் இரண்டும் ஓடுகின்றன. வெள்ளி மாலைப் போக்குவரத்தில் ரோமா, கொந்தேசா போன்ற பக்கத்துப் பகுதிகளிலிருந்துகூட நினைத்ததைவிட நேரம் பிடிக்கும்.

தொடங்கும் நேரத்துக்கு 40 நிமிடம் முன்னால் அங்கே இருங்கள். வாசலில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வரிசையில் உடல் சோதனை நடக்கும். முகமூடி அணிந்து போகலாம், ஆனால் சோதனையில் கழற்றச் சொல்லக்கூடும்.

8. உள்ளே போனதும்

நுழைந்ததும் ஒருவர் உங்கள் டிக்கெட்டைக் கேட்டு வாங்கி இருக்கைவரை கூட்டிப்போவார். இவர் அரங்க ஊழியர், ஏமாற்றுக்காரர் அல்ல. 10 முதல் 20 பெசோ தருவது வழக்கம். டிக்கெட்டைத் திரும்ப வாங்க மறக்காதீர்கள்.

சாப்பாடும் பீரும் இருக்கைக்கே வரும். விலையைக் கேட்டுவிட்டுத்தான் கையில் வாங்க வேண்டும்: "குவாந்தோ?" சில விற்பனையாளர்கள் "கடைசியில் கொடுங்கள்" என்பார்கள்; ஒவ்வொரு முறையும் உடனே கொடுத்து முடித்துவிடுங்கள், கணக்கு வளராது. மது வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; வந்து இறங்கிய முதல் நாளில் இரண்டு பீர் நான்கின் வேலையைச் செய்யும்.

சைவர்களுக்கு: பாப்கார்ன், வறுத்த நிலக்கடலை, உருளைக்கிழங்கு வறுவல். சிச்சரோன் என்ற பெயரில் இரண்டு பொருள் உண்டு. கோதுமை மாவில் பொரித்த ஆரஞ்சு நிற வற்றல் சைவம். பன்றித்தோல் பொரியலுக்கும் அதே பெயர்தான். "தெ ஹரினா?" என்று கேட்டு, மாவில் செய்ததா என்று உறுதிசெய்யுங்கள். கப் நூடுல்ஸ் விற்பார்கள், அதில் இறாலோ கோழியோ இருக்கும். பசியோடு போகாமல் சாப்பிட்டுவிட்டுப் போவதே மேல்.

9. ஆட்டம் புரிய இவ்வளவு போதும்

விதி தெரியாமல் உட்கார்ந்தால் முதல் ஒரு மணி நேரம் வெறும் குட்டிக்கரணமாகத் தெரியும். இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

ஒரு மாலையில் ஐந்து ஆறு ஆட்டங்கள், மொத்தம் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். வளரும் வீரர்கள் முதலில், நட்சத்திரங்கள் கடைசியில். நடுவில் பெண்கள் ஆட்டமோ, பத்து நிமிட வரம்புள்ள ஒற்றைச் சுற்று ஆட்டமோ வரலாம்.

எல்லோரும் இரண்டு கட்சி. டெக்னிகோ என்றால் முறையாக, அழகாக ஆடுகிறவர். ரூடோ என்றால் அடாவடிக்காரர், முதுகில் குத்துகிறவர். மிஸ்டிகோ டெக்னிகோ பக்கத்தின் பெரிய பெயர், ஊல்திமோ கெர்ரேரோ ரூடோ பக்கத்தின் பெரிய பெயர். உட்கார்ந்ததும் ஏதாவது ஒரு கட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுநிலையாக இருந்து பார்க்கும் விளையாட்டு இல்லை இது. ரூடோ கட்சி ரசிகர்களுக்குத்தான் வாய் அதிகம் என்பது என் கருத்து.

பெரும்பாலும் மூவர் அணிக்கு மூவர் அணி, மூன்று சுற்றில் இரண்டு வென்றால் வெற்றி. தோளிரண்டும் தரையில் படும்படி மூன்று எண்ணும்வரை அமுக்கினால் ஒருவர் வெளியே. பிடி தாங்காமல் சரணடைந்தாலும் வெளியே. ஒவ்வொரு அணிக்கும் ஒரு கேப்டன் உண்டு. கேப்டனைச் சாய்த்தால் அந்தச் சுற்று முடிந்தது. இல்லையென்றால் மற்ற இருவரையும் சாய்க்க வேண்டும். மூவரில் ஒருவர் விழுந்ததும் திடீரென்று மணி அடிப்பது ஏன் என்ற குழப்பத்துக்கு விடை இதுதான்.

அமெரிக்க மல்யுத்தம் பார்த்துப் பழகியவர்களைக் குழப்பும் இன்னொன்று: கூட்டாளி உள்ளே வரக் கையைத் தொட வேண்டியதில்லை. ஆடுகிறவர் மேடையை விட்டுக் கீழே இறங்கினாலே அடுத்தவர் நுழையலாம். அதனால்தான் ஆட்டம் நிற்காமல் ஓடுகிறது.

எதிராளியின் முகமூடியைக் கழற்றினால் தகுதி நீக்கம். இடுப்புக்குக் கீழே அடித்தாலும் அப்படியே. தலைகீழாகத் தூக்கித் தலையைத் தரையில் குத்தும் மார்த்தினெத்தே நகர்வுக்கும் தடை. இவற்றை நடுவர் பார்க்காத நேரமாகச் செய்வதே ரூடோவின் தொழில். முகமூடியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கும்போது அரங்கம் முழுவதும் கத்துவதைக் கேட்பீர்கள்.

முகமூடியைப் பணயம் வைத்து ஆடுவது தனி வகை. பெரிய நிகழ்ச்சிகளில் வரும். தோற்றவர் மேடையிலேயே முகத்தைக் காட்டி, சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். முகமூடி இல்லாதவர் தலைமுடியைப் பணயம் வைப்பார்; தோற்றால் அங்கேயே மழிப்பு. ஊல்திமோ கெர்ரேரோ 2014 ஆண்டுவிழாவில் அட்லாண்டிஸிடம் முகமூடியை இழந்தார். அதனால்தான் இப்போது வெறும் முகத்தோடு ஆடுகிறார்.

அபாரமான ஆட்டம் முடிந்ததும் கூட்டம் மேடைக்குள் நாணயமும் நோட்டும் எறியும். பாராட்டு அது. நீங்களும் எறியலாம், ஆள் மேல் படாமல். சுற்றி இருப்பவர்கள் கோஷமிடும் சொற்களைத் திருப்பிச் சொல்வதில் மட்டும் கவனம். அவற்றில் பலவற்றை மறுநாள் விடுதி வரவேற்பறையில் சொல்ல முடியாது. "ஓத்ரா! ஓத்ரா!" ("இன்னொன்று!") பாதுகாப்பானது.

10. முகமூடி வாங்குவது

அரங்கத்துக்கு வெளியே நடைபாதை முழுக்கக் கடைகள். உள்ளே போகும்போது வாங்காதீர்கள், விலையை மட்டும் விசாரித்து வையுங்கள். ஆட்டம் பார்த்தபின் யாருடைய முகமூடி வேண்டும் என்று தெரிந்திருக்கும். கூட்டம் கலையும் நேரத்தில் பேரமும் படியும்.

தரம் இரண்டு மூன்று வகை. நூறு, இருநூறு பெசோவுக்குக் கிடைப்பது மெல்லிய துணி. குழந்தை விளையாடவோ சுவரில் மாட்டவோ போதும். வீரர்கள் அணிவதைப் போன்ற தரத்தில் வேண்டுமானால் பல நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும். கண், வாய் ஓரத்துத் தையல் இரட்டையாக இருக்கிறதா, உள்ளே மெத்துத் துணி இருக்கிறதா, பின்பக்கக் கயிறு கோர்க்கும் துளைகள் கிழியாமல் வலுவூட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். போட்டுப் பார்த்தே வாங்குங்கள். குழந்தை அளவை மடித்து வைத்துப் பெரியவர் அளவு என்று கொடுத்துவிடுவது உண்டு.

முகமூடி இல்லாமல் தெருவில் நடந்து போகும் வீரரை அடையாளம் கண்டாலும் படம் எடுக்காதீர்கள். முகமூடியோடு நின்று படத்துக்கு இசைந்தால் காசு கேட்கிறாரா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முகமூடியைத் தொடவே கூடாது.

11. திரும்புவது

வெள்ளி நிகழ்ச்சி முடிய இரவு பதினொன்று ஆகிவிடும். மெட்ரோ நள்ளிரவுவரை ஓடும், ஆனால் அந்த நேரத்தில் தொக்டோரெஸ் பகுதியின் உட்தெருக்களில் நடந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். வண்டி பிடிப்பதே நல்லது.

ஆட்டம் முடிந்த நொடியில் ஆயிரம் பேர் ஒரே இடத்திலிருந்து ஊபர் தேடுவார்கள். விலை ஏறும், ஓட்டுநரால் வாசலுக்கு வரவும் முடியாது. பதினைந்து இருபது நிமிடம் கடைகளில் நின்று முகமூடி பேரத்தை முடித்துவிட்டு, கூட்டம் போகும் திசையிலேயே பெரிய சாலைவரை நடந்து அங்கிருந்து வண்டி கேளுங்கள். வாசலில் கத்தி அழைக்கும் டாக்ஸிகளில் ஏற வேண்டாம். செயலியில் காட்டும் எண்ணும் வண்டியின் எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டுக் கதவைத் திறங்கள். கைபேசியில் அதுவரை மின்சாரம் மிச்சமிருக்க வேண்டும். எல்லா ஆட்டத்தையும் காணொளி எடுத்தவர்கள்தான் இரவு பதினொன்றரைக்கு அந்த நடைபாதையில் சார்ஜர் தேடி நிற்கிறார்கள்.